பாட்டுக்குள் அலாரம்

மூன்று மணிக்குப் பாட்டு என்றால் இரண்டே முக்காலுக்கே வடிவு முழங்கைவரை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, ஈரக் கைகளை எதிலும் படாமல் நெஞ்சுக்கு முன்னால் ஏந்திக்கொண்டு, யாரோ எதையோ தரப்போகிறார்கள் என்று காத்திருப்பவளைப் போல வார்டு வாசலில் நிற்பாள். இன்றும் அப்படித்தான் நின்றாள். கதவு திறந்ததும் ஏசியின் குளிரும் ஸ்பிரிட் வாசனையும், அதற்கு அடியில் பாலும் துணியும் சேர்ந்து புளித்த இன்னொரு வாசனையும் வந்தன. பத்தொன்பது நாளில் அந்த வாசனை அவள் தலைமுடிக்குள் ஏறிவிட்டது, எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் போவதில்லை, போகவும் வேண்டாம். ஜெபக்கனி சிஸ்டர் பின்னாலிருந்து பச்சை அங்கியின் கயிற்றைக் கட்டிவிட்டார். "தொண்டை இப்ப எப்படி இருக்கு வடிவு?" என்று கேட்டார். வடிவு தொண்டையைத் தொட்டுக் காட்டி, இன்னும் சரியாகவில்லை என்பது போல முகத்தைச் சுளித்தாள். தொண்டைக்கு ஒன்றும் இல்லை. ஒன்பது நாளாக ஒன்றும் இல்லை. "நாளைக்கு எப்படியும் புதுசா ஒண்ணு பதிவு பண்ணிருவோம். தட்டிக் கழிக்கக் கூடாது, என்ன?" என்றார் சிஸ்டர். அவள் தலையாட்டினாள். தலையாட்டுவது அவளுக்குச் சுலபம். கல்லூரியில் விலங்கியல் வாய்மொழித் தேர்வில்கூட தலையாட்டித்தான் பாதி பதில் சொன்னாள், 'வாயத் தொறந்து பேசும்மா, தவளைக்குக்கூட சத்தம் உண்டு' என்று வெளியிலிருந்து வந்த பேராசிரியர் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சத்தமில்லாமல் சிரித்தாள்.

நான்காவது பெட்டி அவளுடையது. பெட்டி என்றுதான் இங்கே தாய்மார்கள் எல்லோரும் சொல்வார்கள், கண்ணாடிப் பெட்டி, எம்புள்ள பெட்டியில இருக்கு என்று. முதலில் அந்தச் சொல் அவளுக்குப் பிடிக்கவில்லை, பிறகு வாயில் அதுவே வந்துவிட்டது. பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் 'சங்கரவடிவு குழந்தை – 2' என்று இருந்தது. ஒன்று என்ற சீட்டு ஒட்டியிருந்த ஐந்தாவது பெட்டியில் இப்போது யாரோ ஒருத்தியின் பையன் கிடக்கிறான், கொஞ்சம் பெரியவன், கால் நீட்டினால் துணிச்சுருளில் முட்டுகிறான். அந்தப் பக்கம் பார்ப்பதில்லை என்று அவள் வைத்திருந்தாள். ஆனால் பார்க்காமல் இருக்கிறோம் என்பதையே பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது, கழுத்தின் இடது பக்கம் எப்போதும் ஒரு விறைப்பு. சீட்டுக்குக் கீழே வெள்ளைப் பிளாஸ்திரித் துண்டு ஒன்று, அதில் பால்பாயின்ட் பேனாவால் சிஸ்டரின் சாய்ந்த கையெழுத்து: பாட்டுக்குள் அலாரம் இருக்கு. யாரும் ஓட வேண்டாம். அதை வாசிக்காமல் அவளால் உட்கார முடிந்ததில்லை. ஸ்டூலை இழுக்காமல், தூக்கி வைத்து உட்கார்ந்தாள். பெட்டியின் வட்டக் கதவு இரண்டையும் திறந்து, சொல்லித் தந்தபடி ஒரு கையைக் குழந்தையின் உச்சந்தலையில் குவித்தும் இன்னொரு கையால் இரண்டு பாதங்களையும் சேர்த்துக் கூட்டியும் வைத்தாள். தடவக் கூடாது, தட்டக் கூடாது, சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பது எவ்வளவு வேலை. ஆயிரத்து நாற்பது கிராம். முதுகில் மயிர் இன்னும் உதிரவில்லை, எலிக்குஞ்சு மாதிரி இருந்தாள் முதல் நாள், இப்போது கொஞ்சம் பிள்ளை மாதிரி.

"ஏ வடிவு, இன்னிக்குக் கச்சேரி எப்ப?" என்றாள் மூன்றாவது பெட்டிக்காரி பேச்சித்தாய், கிசுகிசுப்பதாக நினைத்துக்கொண்டு. அவளுக்குக் கிசுகிசுக்க வராது. "ஒம் பாட்டுல எம்புள்ள சொக்கிப்போய்க் கெடக்கான். வீட்டுக்குப் போகும்போது ஒன்னையும் சேத்துதான் அனுப்பணும்னு எழுதி வாங்கப்போறேன், இல்லன்னா அவன எவ ஒறங்கவைக்க?" "நீ பேசுற பேச்சுக்கு அவன் முழிச்சிக்கிட்டே போய்ச் சேரட்டும்," என்றார் ஜெபக்கனி சிஸ்டர், விரல் நீளமே உள்ள ஸ்பீக்கரைத் துணிப்பையில் போட்டுப் பெட்டிக்குள் கால்மாட்டில் வைத்தபடி. கைபேசியில் சத்த அளவைப் பார்த்தார், நாம் சாதாரணமாகப் பேசும் சத்தத்தைக்கூடத் தாண்டக் கூடாது. இந்த ஏற்பாடு இந்த ஆஸ்பத்திரியில் ஆறு மாதமாக நடக்கிறது. மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளைகள் அம்மாவின் பாட்டைக் கேட்டால் மூச்சு சீராகிறது, பாலும் கூடுதலாகக் குடிக்கிறார்கள் என்று டாக்டர் சைனப் தாய்மார்களை உட்காரவைத்துச் சொன்னார். ஒரு நாளைக்கு மூன்று தடவை, தடவைக்கு இருபது நிமிஷம். வேறு பாட்டு எதுவும் கூடாது, வாத்தியம் கூடாது, அம்மாவின் வெறும் தொண்டை மட்டும், அதை ஒரு தடவை பதிவு பண்ணி வைத்துக்கொண்டு போடுவார்கள். பாட வராதே என்று எல்லோரும் சொன்னார்கள், வடிவு மட்டும் சொல்லவில்லை, சொல்வதற்கும் வாயைத் திறக்க வேண்டுமே.

பாட்டு ஆரம்பித்தது. அவளுடைய குரல்தான், ஆனாலும் ஒவ்வொரு முறையும் அது வேறு யாரோ ஒரு பெண், கிணற்றுக்குள் குனிந்துகொண்டு பாடுகிறவள். கண்ணு ரெண்டும் மூடிக்கோ, காத்து மெல்ல வீசுது. கிணத்தடி வேம்புல கிளி வந்து தூங்குது. மாடியிலே காயுது மஞ்சத் துணி ரெண்டு. மடிச்சு வைக்க வாறேன் நான், மழைக்கு முன்ன வாறேன். அவ்வளவுதான் பாட்டு. தெரிந்த பாட்டு ஒன்றும் முழுசாக வராததால் பதிவுக்கு முந்தின நாள் குளியலறையில் நின்று அவளே கட்டினது, நாலு வரிக்கு மேல் ஓடவில்லை, அதனால் நாலு வரி முடிந்ததும் அரை நிமிஷம் வெறும் ம்ம் என்று இழுத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. இருபது சுற்று. வரிகளை இழுத்து இழுத்துப் பாடியிருந்தாள், கூச்சத்தில் மூச்சு எங்கே விடுவதென்று தெரியாமல். பதிவு பண்ணிய அன்றைக்கு இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தார்கள், இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அவன். என்ன நடந்தாலும் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து பாடணும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார், மறுபடி முதலிலிருந்து என்ற நினைப்பே அவளுக்குப் பயமாக இருந்தது. ஏழாவது சுற்றில், நாலாவது வரியில், மழைக்கு முன்ன என்ற இடத்தில் ஒரு அலாரம் அடித்தது. டிங் டிங் டிங் என்று மூன்று மூன்றாக. யாரோ ஓடி வந்தார்கள், யாருடைய செருப்போ சரசரத்தது. அவள் தலையைத் திருப்பவில்லை, பாடினாள். அந்த அலாரம் தன் பையனுடையது என்று அவளுக்குத் தெரியாது. அங்கே எல்லா அலாரமும் ஒரே மாதிரிதான், யாராவது ஒருத்தரின் பிள்ளைக்கு எப்போதும் அடித்துக்கொண்டுதான் இருக்கும், மழையில் ஓட்டில் சொட்டுகிற மாதிரி. குழாயைச் சரிசெய்தார்கள், அலாரம் நின்றுவிட்டது, ஒன்றுமில்லை என்றார்கள் பிறகு. அன்றைக்கு ஒன்றுமில்லைதான். இரண்டு நாள் கழித்துத்தான் எல்லாம்.

இரண்டாவது சுற்று. இவள் புருவத்தை நெரித்தாள், பெரிய மனுஷி கணக்காக. மானிட்டரில் ஆக்சிஜன் எண் தொண்ணூற்று நாலு, தொண்ணூற்று ஐந்து. அதை அடிக்கடி பார்க்காதீங்க, பிள்ளையப் பாருங்க என்பார் டாக்டர், ஆனால் பிள்ளையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது, எண்ணைப் பார்த்தால் எண்ணாவது தெரிகிறது. அவனைப் பார்த்த நாட்களை எண்ணினால் பத்து. பத்து நாளும் அவன் தொண்டைக்குள் குழாய். குழாய் இருந்தால் அழுகைக்குச் சத்தம் வராது என்று அவளுக்கு முன்பு தெரியாது. வாய் மட்டும் அகலமாகத் திறக்கும், முகம் முழுவதும் சுருங்கி, நெற்றியில் ஒரு நரம்பு புடைத்து, அழுகை எல்லாம் அழுகைதான், சத்தம் மட்டும் இல்லை. டிவியில் ஒலியை நிறுத்திவைத்தது போல. போட்டோ எடுக்கக் கூடாது, தாய்மாரின் கைபேசியை உள்ளே விடமாட்டார்கள். அவள் தையல் பிரிக்காமல் மேல்மாடி வார்டில் படுத்திருந்தபோது கணவனும் அவன் அண்ணனும் பிள்ளையை ஒரு புதுத் துண்டில் சுற்றிக் கொண்டுபோய்விட்டு வந்தார்கள். எங்கே என்று அவள் கேட்கவில்லை, கணவனும் சொல்லவில்லை, சாயங்காலம் இட்லி வாங்கி வந்தான், இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். சாப்பிட்டார்கள் என்பதை அவள் பலமுறை நினைத்திருக்கிறாள், மிளகாய்ப் பொடிக்கு எண்ணெய் போதவில்லை என்றுகூடச் சொன்னாள். பெயர் வைக்கவில்லை. சீட்டில் ஒன்று என்றிருந்தது, அந்தச் சீட்டை யாரோ கிழித்து எறிந்திருப்பார்கள். உலகத்தில் அவன் இருந்ததற்கு மிச்சம் ஒன்றே ஒன்று, ஏழாவது சுற்றில் நாலாவது வரியில் மூன்று மூன்றாக அடிக்கும் அந்தச் சத்தம். வேறு எந்தச் சத்தத்தையும் அவன் போட்டதில்லை. அதனால் அது அவன் குரல். வேறு எப்படிச் சொல்வது?

அவன் போன மறுநாள் பாட்டைப் போட்டபோது அந்த இடத்தில் இரண்டு சிஸ்டர்கள் ஓடி வந்தார்கள், பெட்டியைத் திறந்தார்கள், இவள் ரோஜா நிறத்தில் நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தாள். "பாட்டுக்குள்ளல்லா அடிக்கி!" என்று ஜெபக்கனி சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார், பிறகு யாருடைய அலாரம் என்று நினைவு வந்து சிரிப்பை விழுங்கினார். அன்று சாயங்காலமே பிளாஸ்திரி ஒட்டினார். அன்று சாயங்காலமே, வேற பதிவு பண்ணிருவோம்மா என்றும் சொன்னார். வடிவு தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். மறுநாள் சளி என்றாள், அதற்கு மறுநாள் பால் பீய்ச்சும் நேரம் என்றாள், ஒரு நாள் பதில் சொல்லாமல் அழுதாள், அது நிஜ அழுகைதான், ஆனாலும் உதவிற்று. இப்படி ஒன்பது நாள். தவறு என்று தெரியும். ஒருநாள் நிஜ அலாரம் வந்து பொய்க்குள் ஒளிந்துகொள்ளும், எல்லோரும் கைவேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும், ராத்திரி படுத்தால் அதுதான் வரும். ஆனால் நான் இருக்கிறேனே, மூன்று வேளையும் நான் இங்கேதானே உட்கார்ந்திருக்கிறேன், பாட்டில் அது எங்கே வரும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும், வேறு இடத்தில் வந்தால் முதலில் தெரியப்போவது எனக்குத்தானே. இதைத் தனக்குள் சொல்லிக்கொண்டால் பயம் கொஞ்சம் கீழே உட்காரும், அடுப்பில் பொங்கும் பாலில் தண்ணீர் தெளித்த மாதிரி. பிறகு மறுபடி ஏறும். இவள் உயிருள்ளவள், அவன் ஒரு சத்தம். தராசில் வைத்தால் எது தாழும் என்று யாரும் கேட்கவேண்டியதே இல்லை. ஆனால் ஏன் தராசில் வைக்க வேண்டும், இரண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொள்ளக் கூடாதா, இன்னும் ஒரு நாள், நாளைக்கு எப்படியும்.

ஐந்தாவது சுற்று. ஜன்னலுக்கு வெளியே யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள், ஒரு சக்கரம் மட்டும் கிரீச்சிட்டது. சிஸ்டர் மேஜைக்குப் போய் இவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். ஆறாவது. இப்போதெல்லாம் ஆறாவது சுற்றிலேயே வடிவு காத்திருக்கத் தொடங்கிவிடுவாள், பேருந்து நிலையத்தில் ஊர்ப் பேருந்து திரும்பும் முனையைப் பார்த்துக்கொண்டிருப்பது போல. ஏழாவது சுற்று தொடங்கினால் கண்ணை மூடிக்கொள்வாள். காவலுக்கு இருக்கிறவள் கண்ணை மூடலாமா என்று ஒருநாள் தோன்றியது, காதால்தானே காவல் என்று பதில் சொல்லிக்கொண்டாள். கண்ணு ரெண்டும் மூடிக்கோ. மூடிக்கொண்டாள். இருட்டில் குரல் பக்கத்தில் வந்தது. கிணத்தடி வேம்புல. அங்கே, கிளி என்ற சொல்லுக்கு முன்னால், அடித்தது. டிங் டிங் டிங். முந்திவிட்டான், என்று நினைத்தாள். நினைத்தது அதுதான், வேறெதுவும் இல்லை, இன்று முந்தி வந்துவிட்டான். மார்பில் பால் சுரந்து உள்சட்டை நனைந்தது. மேஜைப் பக்கமிருந்து பயிற்சிக்கு வந்த சின்ன சிஸ்டரின் குரல், "அக்கா, நாலுல அடிக்கி." ஜெபக்கனி சிஸ்டரின் குரல், "அது பாட்டுதாம்ட்டி." ஆமாம், பாட்டுதான். மாடியிலே காயுது. இன்னும் அடிக்கிறது. மஞ்சத் துணி ரெண்டு. இந்த இடத்தில் அடிக்காதே, இங்கே அவன் இருக்க மாட்டானே, அவன் நாலாவது வரியில், மழைக்கு. தெரிந்துவிட்டது. உள்ளே எங்கேயோ ஒருத்திக்குத் தெரிந்துவிட்டது, அவள் எழுந்து கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் இந்த வடிவு அசையவில்லை, ஏனென்றால் மடிச்சு வைக்க வாறேன் நான் என்று வந்துவிட்டது, இன்னும் இரண்டு சொல்லில் அவன் வருவான், வந்தான். மழைக்கு முன்ன. டிங் டிங் டிங். இரண்டும் சேர்ந்து அடித்தன. ஒன்றின் இடைவெளியில் இன்னொன்று. ஒன்று பழசு, லேசாகக் கமறலாக, துணிப்பைக்குள்ளிருந்து. இன்னொன்று தலைக்கு மேலிருந்து, பளீரென்று. இரண்டு பிள்ளைகளும் ஒன்றாகச் சத்தம் போட்டார்கள், பிறந்த பிறகு முதல் தடவையாக, ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் கத்தினால் எப்படி இருக்குமோ அப்படி. அதை அவள் கேட்டாள். வாறேன் என்று அந்தப் பெண் இழுத்து முடிக்கிற வரைக்கும் கேட்டாள்.

பிறகு கண்ணைத் திறந்தாள். குவித்த கைக்குக் கீழே தலை களிமண் நிறத்தில் இருந்தது, உதடு நாவற்பழம் தின்றது போல. எண் ஐம்பத்தொன்பது. "சிஸ்டர்" என்றாள், வந்தது காற்று. மறுபடி வாயைத் திறந்தாள், அப்போது வெளியே வந்ததை யாரும் அவளிடமிருந்து கேட்டதில்லை, அவளே கேட்டதில்லை. "அது அவன் இல்ல சிஸ்டர்! இவ! இவளுக்கு அடிக்கி!" வார்டில் தூங்கிய பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கையை விரித்து அதிர்ந்தன. நாற்காலி விழுந்தது. ஜெபக்கனி சிஸ்டர் பெட்டியின் பக்கக் கண்ணாடியைச் சாய்த்துப் பாதத்தில் சுண்டினார், ஒரு தடவை, இரண்டு தடவை, முதுகைத் தேய்த்தார், பிள்ளை துணி மாதிரிக் கிடந்தது. சின்ன சிஸ்டர் முகமூடியை எடுத்துக்கொடுக்க, அதை மூக்கும் வாயும் மூட வைத்துப் பையை அமுக்கினார். அமுக்கு, விடு, விடு. அமுக்கு, விடு, விடு. கண்ணு ரெண்டும் மூடிக்கோ என்று எட்டாவது சுற்று பாடிக்கொண்டிருந்தது, யாருக்கும் நிறுத்தத் தோன்றவில்லை, பேச்சித்தாய்தான் கையை நீட்டி ஸ்பீக்கரைத் துணிப்பையோடு பிடுங்கித் தன் மடிக்குள் அமுக்கிக்கொண்டாள், ஏதோ கடிக்கிற பிராணியைப் பிடித்தவள் போல. ஐம்பத்து நாலு. ஐம்பத்து நாலு. அறுபத்து மூன்று. வடிவு சுவரோடு ஒட்டி நின்றாள். தான் ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை என்று கவனித்தாள். எழுபத்தெட்டு. ஒரு கால் லேசாக உதைத்தது, எண்பத்தாறு, பிறகு பூனை தும்மியது போல ஒரு சத்தம், இவளுக்குத் தொண்டையில் குழாய் இல்லை, இவளுக்கு அழுகை உண்டு.

டாக்டர் சைனப் வந்தபோது எண் தொண்ணூற்றொன்று. குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார், கண் இமையை விலக்கிப் பார்த்தார், உச்சிக் குழியை விரலால் தொட்டார். "எவ்வளவு நேரம்?" என்றார் நிமிராமல். ஜெபக்கனி சிஸ்டரின் முகத்தில் வியர்வை. "உடனே பாத்துட்டோம் டாக்டர்." "உடனேன்னா எத்தன செகண்டு? இந்தப் பழைய மானிட்டர் முன்னால நடந்ததக் காட்டாது, நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும். இருபது செகண்டுக்கு மேல அலாரம் அடிச்சிருந்தா மருந்து கூட்டணும், தலைக்கு ஸ்கேன் பாக்கணும். இல்லன்னா வேண்டாம், சும்மா இவள இங்கயிருந்து அசைக்க எனக்கு இஷ்டமில்ல." சின்ன சிஸ்டர் தரையைப் பார்த்தாள். டாக்டரின் பார்வை பிளாஸ்திரித் துண்டில் நின்றது, பிறகு வடிவிடம் வந்தது. "நீங்க பக்கத்துல இருந்தீங்க. உடனே கூப்பிட்டீங்களாம்மா?" உடனே. நல்ல சொல், சின்னச் சொல், தலையாட்டினாலே போதும். ஜெபக்கனி சிஸ்டர் நல்லவர், ராத்திரி டூட்டியில் அவளுக்குத் தைலம் தேய்த்துவிட்டவர், அவர் வேலைக்கு என்ன ஆகும், தன்னைப் பற்றி இந்த வார்டு என்ன பேசும், கணவனிடம் யார் சொல்வார்கள். தலை கொஞ்சம் ஆடக்கூடச் செய்தது. அந்தப் பிஞ்சுத் தலைக்குள் எங்கேயாவது ஒரு துளி ரத்தம் கசிந்திருந்தால் அது இந்தத் தலையாட்டலுக்குள் மூடிக்கொள்ளும், பத்து வருஷம் கழித்துத் தெரியும், இல்லை தெரியாமலே போகும்.

"உடனே இல்ல," என்றாள் வடிவு. "ரெண்டாவது வரி பாதியில ஆரம்பிச்சுது. நாலாவது வரி முடியற வரைக்கும் நான் கேட்டுக்கிட்டு இருந்தேன்."

"கேட்டுக்கிட்டுன்னா?"

"தெரிஞ்சிக்கிட்டே. கடைசியில அவனோடதும் சேந்து அடிச்சுது. அதக் கேட்டேன்."

ஜெபக்கனி சிஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "அது எத்தன செகண்டு வரும்?" என்று டாக்டர் கேட்டபோது குரல் தாழ்ந்திருந்தது. வடிவுக்குத் தெரியவில்லை. சிஸ்டர் பேச்சித்தாயின் மடியிலிருந்த துணிப்பைக்குக் கை நீட்டினார், "போட்டுப் பாத்துருவோம் டாக்டர், அந்த எடத்துல…" "வேண்டாம்," என்றாள் வடிவு. "அத இனிமே இவ பக்கத்துல போடாதீங்க. இப்பவே அழிச்சிருங்க சிஸ்டர். நான் பாடுறேன்."

டாக்டர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பிடித்தார். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கண்ணாடிக் கதவுக்கு வெளியே கை கழுவிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள்கூட. வடிவு கிளி என்ற சொல்லுக்கு முன்னால் கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் பாடினாள். கிளி வந்து தூங்குது. அன்று பாடிய அதே இழுப்பில், மூச்சு திணறிய இடங்களில் அதே போலத் திணறி, வேகமாக முடித்துவிடத் துடித்த நாக்கைப் பிடித்து நிறுத்தி, மஞ்சத் துணி ரெண்டு, ஒரு சொல்லும் விடாமல். மழைக்கு முன்ன என்ற இடத்தில் சுற்றிலும் ஒரு சத்தமும் இல்லை. வாறேன் என்று முடித்து வாயை மூடினாள்.

"இருபத்தொண்ணு," என்றார் டாக்டர். பேனாவை எடுத்தார்.

"டாக்டர்," என்றாள் வடிவு. "கடைசி வரியில கொஞ்சம் வேகமாப் போயிட்டேன். இன்னொரு தடவ பாடுறேன், சரியாப் பாத்து எழுதுங்க."